சூத்திரத்தை யார் எழுதுவது?

கூலி குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிற தொழிலாளிக்கும், குறைந்திருக்கிறது என்று நிரூபிக்கிற தொழிலாளிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு படிதான். அந்தப் படிக்குப் பெயர் கணக்கு.

முன்பெல்லாம் சம்பளப் பட்டியலைக் குமாஸ்தா கையால் எழுதினார். ஏன் குறைந்தது என்று அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்று கேட்க முடிந்தது. இன்று பட்டியலைக் கம்ப்யூட்டர் போடுகிறது. கேட்டால், "மெஷின் போட்ட கணக்கு, நாங்கள் என்ன செய்வது?" என்று பதில் வருகிறது. மெஷின் தானாகக் கணக்குப் போடுமா? யாரோ ஒருவர் எழுதி வைத்த சூத்திரத்தைத்தான் அது போடுகிறது. அந்தச் சூத்திரத்தைப் படிக்க யாருக்குத் தெரியும்? அதை எழுத யாருக்கு அனுமதி? இதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வி பளிச்சென்று விளங்க, நாம் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் வரை போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே முப்பது வருஷத்துக்கு மேலாக மாணவர் கையில் ஒரு சிறு கருவி இருந்து வருகிறது. வரைபடம் போடும் கால்குலேட்டர் என்று அதற்குப் பெயர். கூட்டல் கழித்தலோடு அது நிற்பதில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் சூத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கேட்ட எண்ணுக்கு விடை சொல்லும். அதையே கோடாக வரைந்து காட்டும். நாம் எழுதும் புரோகிராமையும் நடத்தும். இத்தனை நல்ல கருவியைச் சுற்றி லாப வேட்டை எப்படி வேலி போட்டது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறோம். அதற்கு முன் கருவியின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்வோம்.

சார்பு என்றால் என்ன?

பள்ளிப் புத்தகத்தில் 'சார்பு' என்று ஒரு பாடம் வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு எண்ணை உள்ளே போட்டால் ஒரே ஒரு எண் வெளியே வர வேண்டும். எது வரும் என்பதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். அவ்வளவுதான் சார்பு.

ஒன்பது மூட்டை அளந்தால் ஒரு மூட்டை அறுப்புக் கூலி என்று களத்தில் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். 45 மூட்டை என்றால் கூலி 5. 63 மூட்டை என்றால் கூலி 7. விளைச்சல் உள்ளே போகிறது, கூலி வெளியே வருகிறது. விவசாயத் தொழிலாளி தன் வாழ்நாள் முழுவதும் சார்பைப் பயன்படுத்தித்தான் வந்திருக்கிறார். பெயர்தான் தெரியாது.

ஆலைக் கணக்கு இன்னும் கொஞ்சம் சுவையானது. நாளுக்கு 9 மணிக்கு மேலும் வாரத்துக்கு 48 மணிக்கு மேலும் செய்கிற வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-வது பிரிவு எழுதி வைத்தது. தினக் கணக்கை இப்போதைக்கு விட்டு, வாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். மணிக்குக் கூலி 60 ரூபாய் என்று வையுங்கள். 40 மணி வேலை செய்தவருக்கு 2,400. 48 மணிக்கு 2,880. 54 மணி செய்தவருக்கு? 48 மணிக்கு 2,880, மீதி 6 மணிக்கு 120 வீதம் 720, ஆக 3,600 ரூபாய். இங்கே விதி ஒன்றல்ல, இரண்டு. 48 வரை ஒரு விதி, அதைத் தாண்டினால் வேறு விதி. இரண்டும் சேர்ந்துதான் ஒரு சார்பு.

கருவி என்ன செய்கிறது?

இந்தச் சார்பை அந்தக் கருவியில் ஒரே வரியில் எழுதிவிடலாம். மணிக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, 'ஒய் சமம்' என்ற பொத்தானை அமுக்கி, இப்படி எழுத வேண்டும்:

60 × எக்ஸ் + 60 × (எக்ஸ் − 48) × (எக்ஸ் > 48)

கடைசி அடைப்பில் இருப்பது ஒரு கேள்வி. எக்ஸ் 48-ஐத் தாண்டியதா? தாண்டியிருந்தால் கருவி அந்த இடத்தில் 1 என்று போட்டுக்கொள்ளும். தாண்டவில்லை என்றால் 0. பூஜ்யத்தால் பெருக்கினால் எல்லாம் பூஜ்யம்தானே! 40 மணிக்காரருக்கு நடுத்துண்டு மறைந்து 2,400 நிற்கும். 54 மணிக்காரருக்கு 3,240-உடன் 360 சேர்ந்து 3,600 வரும். நாம் கையால் போட்ட கணக்கே வந்துவிட்டது.

இப்போது 'ஒய்'க்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 54 என்று போட்டால், கருவி 3,600 என்று காட்டும். அட்டவணை வேண்டும் என்றால் வரிசையாகத் தரும்: 47-க்கு 2,820, 48-க்கு 2,880, 49-க்கு 3,000, 50-க்கு 3,120. வரைபடம் கேட்டால், திரையின் ஒவ்வொரு புள்ளிக் கட்டத்துக்கும் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டு, வந்த விடைகளைப் புள்ளிகளாக வைத்து இணைக்கும். கோடு ஏறிக்கொண்டே போய், 48-ல் சட்டென்று மடங்கி, முன்பைவிட வேகமாக மேலே ஏறும். அந்த மடக்குதான் ஓவர்டைம். ஓர் ஆலையின் சம்பளக் கோடு 48-ல் மடங்காமல் நேராகவே போனால், 54 மணி உழைத்தவரிடம் வாரம் 360 ரூபாய் பறிபோகிறது என்று அர்த்தம். படித்தவர், படிக்காதவர் யார் பார்த்தாலும் விளங்கும்.

இதையே புரோகிராமாகவும் எழுதலாம். புரோகிராம் என்பது கருவிக்குக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல்:

மணி எத்தனை என்று கேள்.
48-க்கு மேற்படாவிட்டால், மணியை 60-ஆல் பெருக்கு.
மேற்பட்டால், 48-க்கு மேற்பட்ட மணியை 120-ஆல் பெருக்கி, 2,880-உடன் கூட்டு.
வந்த தொகையைக் காட்டு.

நெசவுத் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஜக்கார்டு தறியில் அட்டை கட்டி ஓட்டுகிறார்களே, அதுவும் கட்டளைப் பட்டியல்தான். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் நிற்கும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு செய்த ஏற்பாடு அது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ், கணக்குப் போடும் பெரிய யந்திரத்துக்கும் அட்டையாலேயே கட்டளை கொடுக்கத் திட்டம் போட்டார். யந்திரம் முடிவாகக் கட்டப்படவில்லை. ஆனால் 1843-ல் அடா லவ்லேஸ் என்ற பெண்மணி, அந்த யந்திரம் எந்த வரிசையில் கணக்குப் போட வேண்டும் என்று எழுதி அச்சிட்டார். இன்றைய கம்ப்யூட்டர் புரோகிராமின் வம்சாவளியைத் தேடினால், நடுவில் தறி நிற்கிறது.

யந்திரத்துக்கு நியாயம் தெரியாது

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலே எழுதிய சூத்திரத்தில் கடைசி அடைப்பை ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது வேண்டுமென்றே விட்டுவிட்டார். என்ன ஆகும்? 54 மணிக்காரருக்கு அப்போதும் 3,600 ரூபாய் சரியாகவே வரும். ஆனால் 40 மணி வேலை செய்தவருக்கு 40-லிருந்து 48 கழிந்து, கடன் 8 என்று ஆகி, 60-ஆல் பெருகி, கூலியில் 480 ரூபாய் வெட்டு விழும். 2,400 வர வேண்டியவருக்கு 1,920 வரும். யந்திரம் முகம் சுளிக்காது. ஓர் அடைப்பு இல்லாத குற்றத்துக்கு ஒரு குடும்பத்தின் அரிசிப் பணம் போய்விடும்.

வரைபடமும் ஏமாற்றும். பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய இடம் ஒன்று சூத்திரத்தில் வந்தால் அங்கே விடையே கிடையாது. ஆனால் பழைய கருவிகள் இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் இணைத்து, இல்லாத கோட்டை நெட்டுக்குத்தாக வரைந்துவிடும். கணக்கு தெரிந்த மாணவன் "இது பொய்க்கோடு" என்பான். தெரியாதவன் அதையும் நோட்டில் வரைந்துகொள்வான்.

ஆகவே பொத்தான் அமுக்கத் தெரிந்தால் போதாது. சூத்திரத்தை எழுதவும், எழுதியதைச் சோதித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். 0, 40, 48, 49, 54 என்று எல்லையிலும் எல்லைக்கு இரு புறத்திலும் எண்களைப் போட்டுக் கையால் சரிபார்க்கும் வழக்கம் வர வேண்டும். அந்த வழக்கம் வந்த தொழிலாளியை எந்த மெஷினும் மிரட்ட முடியாது.

பரீட்சையின் பெயரால் சந்தை

இப்படிப்பட்ட கருவியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் கேசியோ கம்பெனி, 1985-ல். 1990-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி தன் முதல் வரைபடக் கருவியை இறக்கியது. 1995 முதல், பள்ளி மாணவர் கல்லூரித் தரத்தில் எழுதும் நுண்கணிதப் பரீட்சைக்கு இத்தகைய கருவி கட்டாயம் என்று அந்நாட்டுப் பரீட்சை அமைப்பான காலேஜ் போர்டு சொல்லிவிட்டது. கருவியில் கற்பது நல்லதுதான். ஆனால் கட்டாயம் என்று ஆன மறுநிமிஷம், வாங்குகிறவனுக்குப் பேரம் பேசும் வாய்ப்பு போய்விட்டது. பாடப் புத்தகங்களிலேயே டெக்சாஸ் கருவியின் பொத்தான்களும் திரைகளும் அச்சாயின. உபாத்தியாயர்களுக்கு அந்தக் கம்பெனியே பயிற்சி நடத்தியது. வேறு கம்பெனிக் கருவியை எந்த மாணவன் வாங்குவான்?

விளைவைப் பாருங்கள். 2004-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட டிஐ-84 பிளஸ் என்ற கருவியின் உள்ளே வேலை செய்தது இசட்-80 என்ற சில்லு. அது 1976-ல் வெளிவந்த சில்லு! திரையில் குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி. 1985-ல் வந்த கேசியோ கருவியின் திரையும் அதே அளவுதான். இத்தனை வருஷத்தில் கம்ப்யூட்டர் சாமான்களின் விலை எவ்வளவு இறங்கியது என்பது ஊருக்கே தெரியும். இந்தக் கருவியின் விலை மட்டும் நூறு டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க மத்திய சர்க்கார் 2009-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். பல மாநிலங்களில் இதற்கு மேல் உண்டு. ஆனால் ஏழேகால் டாலர் வாங்குகிற தாய் தன் பிள்ளைக்கு நூறு டாலர் கருவி வாங்கக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏகபோகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கருவி பலமானது, தேசலானதல்ல; பல வருஷம் உழைக்கும்; இன்டர்நெட் இல்லாததால் பரீட்சைக்கு ஏற்றது என்று கம்பெனியின் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். நல்ல மண்வெட்டியும் பல வருஷம் உழைக்கும். அதற்காக ஊரில் ஒரே கொல்லன்தான் மண்வெட்டி விற்கலாம் என்று யாராவது சட்டம் போடுவார்களா?

பூட்டும் சாவியும்

விலையைவிடப் பெரிய விஷயம் பூட்டு. கருவியைக் காசு கொடுத்து வாங்கிய மாணவர்கள் அதைப் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்து தாங்களே புரோகிராம் எழுதினார்கள், விளையாட்டுகள் செய்தார்கள், ஒருவருக்கொருவர் கம்பி மாட்டிக் கொடுத்து வாங்கினார்கள். கம்பெனி தந்த எளிய மொழி மெதுவாக ஓடுகிறது என்று கண்டு, சில்லுக்கு நேரே புரிகிற மொழியைத் தாங்களே கற்றார்கள். இன்று கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் எத்தனையோ பேர் முதல் புரோகிராமை எழுதியது இந்தக் கருவியில்தான்.

இதைக் கண்டு கம்பெனி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கருவியின் மூல ஏற்பாட்டை வேறு யாரும் மாற்றாதபடி மிக நீளமான ஓர் எண்ணால் அது பூட்டு போட்டிருந்தது. 2009-ல் ஓர் ஆர்வலர், தன் கம்ப்யூட்டரை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, அந்த எண்ணைக் காரணிகளாகப் பிரித்துவிட்டார். சாவி கிடைத்தது. மற்றவர்கள் கூடி மற்ற கருவிகளின் சாவிகளையும் கண்டுபிடித்தார்கள். உடனே கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தான் வாங்கிய கருவியில் தன் புரோகிராமை ஓட்டுவது குற்றமல்ல என்று எலெக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற உரிமைச் சங்கம் அவர்களுக்காக வாதாட முன்வந்தது.

2020-ல் இன்னொரு அடி. புதிய வண்ணத் திரைக் கருவிகளில் சில்லு மொழிப் புரோகிராம்கள் ஓடாதபடி கம்பெனி ஒரு மாற்றத்தை வெளியிட்டது. பரீட்சைப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. எளிய மொழி மிஞ்சியது. பிறகு பைத்தான் மொழியுள்ள கருவியையும் விற்றது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவன் கையில் இருந்த வசதியைத் தூரத்திலிருந்து பிடுங்க முடியும் என்பதைக் காட்டிவிட்டது. நிலத்தை விற்றபின் வரப்பில் நின்றுகொண்டு, "நெல் போடலாம், உளுந்து போடக்கூடாது" என்று சொல்கிற மிராசுதாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பரீட்சையில் காப்பி அடிப்பதை நாமும் ஆதரிக்கவில்லை. காப்பி அடிக்கிற பிள்ளை முதலில் ஏமாற்றுவது உழைத்துப் படித்த ஏழைப் பிள்ளையைத்தான். பரீட்சை நேரத்தில் கருவியைப் பூட்டட்டும். பரீட்சை முடிந்ததும் திறந்துவிடட்டும். மூன்று மணி நேரப் பரீட்சைக்காக மூன்று வருஷக் கல்வியைப் பூட்டுவதை எப்படி ஒப்புக்கொள்வது?

வேறு வழியும் இருந்தது

சோவியத் நாட்டில் 1980-ல் எலெக்ட்ரோனிகா பி3-34 என்ற கருவி வந்தது. வரைபடத் திரை அதற்கில்லை, எண்கள் மட்டும் தெரியும். புரோகிராமுக்கு 98 படிதான் இடம். ஆனால் 'விஞ்ஞானமும் வாழ்க்கையும்' என்று பொருள்படும் பத்திரிகை அதற்கான புரோகிராம்களைத் தொடர்ந்து அச்சிட்டது. வாலிபர்களுக்கான தொழில்நுட்பப் பத்திரிகை ஒன்று 1985-ல், சந்திரனிலிருந்து சிறு கலத்தில் பூமிக்குத் திரும்பும் தொடர்கதையே வெளியிட்டது. வாசகர்கள் தங்கள் கருவியில் புரோகிராம் எழுதிக் கலத்தை ஓட்ட வேண்டும். கையேட்டில் இல்லாத ரகசியங்களை வாசகர்கள் தோண்டி எடுத்தபோது பத்திரிகையிலேயே பகிரங்கமாகப் பேசினார்கள். கருவி எல்லார் கைக்கும் எட்டியது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த நாடும் 1991-ல் கலைந்துவிட்டது. புரோகிராம் எழுதுவது ஜனங்களின் கலை என்று நினைத்து நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

அமெரிக்காவிலும் வேலி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. டெஸ்மாஸ் என்ற வரைபடச் சாதனம் கம்ப்யூட்டரிலும் போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் சாட் பரீட்சை, 2024-ல் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, அந்தச் சாதனம் பரீட்சைத் திரைக்குள்ளேயே வந்துவிட்டது. நூறு டாலர் கருவி இல்லாமலே அந்தப் பரீட்சை எழுதலாம். அப்படியானால் இத்தனை வருஷம் ஏழைக் குடும்பங்கள் கட்டிய பணம் எதற்கு?

இலவசம் என்றதும் மயங்கிவிடவும் கூடாது. ஜியோஜீப்ரா என்ற இன்னொரு நல்ல சாதனம் 2001-ல் ஆஸ்திரியாவில் பிறந்து, உலகெங்கும் உபாத்தியாயர்களின் உழைப்பால் வளர்ந்தது. 2021-ல் நம் நாட்டு பைஜூஸ் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அந்தக் கம்பெனியே 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. பொதுச் சொத்து போல் வளர்ந்த ஒன்று சந்தையில் கைமாறும்போது, நாளைக்கு யார் பூட்டுவார்கள் என்று யார் சொல்ல முடியும்?

நாம் செய்ய வேண்டியது

நம் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைக்கு அந்த நூறு டாலர் கருவி தேவைப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு செல்போன் வந்துவிட்டது. அதில் மேலே சொன்ன சாதனங்கள் ஓடும். கருவிக்கு நமக்குப் பஞ்சமில்லை, அதை ஆளும் கல்விக்குத்தான் பஞ்சம்.

ஆகவே நாம் கேட்கிறோம்: பள்ளியில் சார்பு பாடத்தை வெறும் குறியீட்டு மனப்பாடமாக நடத்தாமல், கூலி, வட்டி, அளவை என்று பிள்ளைகள் அறிந்த கணக்கில் நடத்துங்கள். பொத்தான் அமுக்கக் கற்பிப்பதோடு புரோகிராம் எழுதவும் கற்பியுங்கள். பொதுப் பணத்தில் வாங்கும் எந்தக் கருவிக்கும் சாவியும் சேர்த்து வாங்குங்கள். சம்பளம் போடும் மெஷினின் சூத்திரத்தை ஆலை வாசலில், தமிழில், தொழிலாளி படிக்கும்படி எழுதி ஒட்டுங்கள்.

சங்கத் தோழர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் நாலு பேர் உட்காருங்கள். பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வையுங்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் வேலை செய்த மணிகளையும் எதிரே வைத்து, அந்த ஒற்றைவரிச் சூத்திரத்தை உங்கள் கூலிக்கு ஏற்றபடி எழுதிப் பாருங்கள். கோடு 48-ல் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும்போது கையில் அந்தக் கணக்கோடு போங்கள்.